எங்கள் வீட்டுப் பணிப்படை

அப்பாவுக்கு மறதி நோய் வந்த பிறகு எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டவர்கள் பலர். மாதம் ஒரு வீடாகச் சுற்றிவரும் கோயில் ஜெபக் கூட்டம் எங்கள் முறை வந்தபோது எங்களைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. அப்பாவோடு லொறியில் கிளீனராக ஓடியவர் ஒருநாள் வாசலில் நின்று "நல்லாருக்காரா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். கனடாவில் இருக்கும் பெரிய அண்ணன் மட்டும் வாராவாரம் வீடியோவில் தோன்றி, "அப்பா, நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்" என்று பரீட்சை வைத்தார். அப்பா ஒவ்வொரு வாரமும் பெயில். அண்ணனுக்கு ஒவ்வொரு வாரமும் கோபம் வந்தது, என்மேல்.

புதிதாக வர ஆரம்பித்தவர்கள் ஆராய்ச்சியாளர்கள்தான். அவர்களும் அப்பாவைப் பார்க்க வரவில்லை. அப்பாவைப் பார்த்துக்கொள்கிறவரைப் பார்க்க வந்தார்கள்.

பலாங்கொடைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறி ஓட்டியவர் அப்பா. மலைமேல் நிறுத்துவார்கள், பறித்த கொழுந்தை ஏற்றுவார்கள், இவர் வளைவு வளைவாக இறங்கி ஃபெக்டரியில் கொண்டுபோய்க் கொட்டுவார். வாழ்நாள் முழுவதும் ஒரே பாதை. புத்தி தடுமாறிய பிறகும் அந்தப் பாதை மட்டும் தடுமாறவில்லை. வீட்டு முன் திண்ணையான இஸ்தோப்பில் இருக்கும் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து கியர் மாற்றுவார். எதிரே பெஞ்சில் யாராவது உட்கார்ந்திருந்தால் அவர்கள் ஓசியில் ஏறிக்கொண்டவர்கள் என்று கணக்கு. "எறங்குங்க, பலாங்கொட வந்திருச்சி" என்று சொல்லி, இறங்கும் வரைக்கும் விடமாட்டார்.

நான் தோட்டத்துப் பாடசாலையில் டீச்சர். கல்யாணம் ஆகாதவள். ஆகவே அப்பா என் பங்கு என்று அண்ணன்மார் மூவரும் கூட்டம் ஏதும் போடாமலே தீர்மானித்திருந்தார்கள். நான் பாடசாலையில் இருக்கும் நேரத்தில் கீழே உள்ள லயத்து வரிசை வீடுகளிலிருந்து ஓர் அக்கா வந்து அவரைப் பார்த்துக்கொள்வார். கொழுந்தெடுத்து முதுகு போனவர், கணவர் இறந்துவிட்டார், மகள் எம்பிலிப்பிட்டிய பக்கம் கல்யாணமாகிப் போய்விட்டாள். அக்கா ஒன்றும் அன்னை தெரேசா அல்ல. ஃபோனில் சீரியலை ஊருக்கே கேட்க வைத்துப் பார்ப்பார். அப்பா திட்டினால் இரண்டு மடங்காகத் திருப்பித் திட்டுவார். அப்பா எழுந்து ஓடப் பார்த்தால், "முன்னுக்கு பொலிஸ் நிக்கிது டைவரய்யா, செக் பண்றாங்க. பேசாம ஓரத்துல நிப்பாட்டுங்க" என்பார். அப்பா உடனே நாற்காலியை ஓரங்கட்டிவிட்டு நெஞ்சுப் பையில் லைசன்ஸைத் தேடுவார். தேடி முடிக்க அரை எபிசோட் ஆகும். அது போதும் அக்காவுக்கு.

ஒரு விடுமுறை நாளில் அந்தக் குழு வந்தது. பழைய டொல்பின் வேன் ஒன்றில் கொழும்பிலிருந்து ஒரு சிங்களப் பேராசிரியை, அவரோடு வேலை செய்யும் வெள்ளைக்காரர் ஒருவர், மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பெண். அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். அட்டை ஏறாமல் இருக்க முழங்கால் வரை காலுறை போட்டிருந்தது.

வெள்ளைக்காரர் வாசற்படியில் கால் வைத்ததும் அப்பா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். பிடி இல்லாமல் நிற்கத் தடுமாறுகிறவர். சாரத்தைச் சரிசெய்து, தலையைத் தாழ்த்தி, "சலாம் தொரை" என்றார். என் பெயரை மறந்தவர், அம்மா செத்துப்போனதை மறந்து தினமும் அவரைச் சாப்பிடக் கூப்பிடுகிறவர், சின்ன வயதில் துரைக்கு எழுந்த எழும்பலை மட்டும் மறக்கவில்லை. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. வெள்ளைக்காரர் மகிழ்ந்துபோய்ப் பேராசிரியையிடம் ஏதோ சொன்னார். சமூகத் திறன்கள் நன்றாகப் பேணப்பட்டிருக்கின்றனவாம். மொழிபெயர்ப்புப் பெண் அதை எனக்குத் தமிழில் சொன்னது. நானும் தலையாட்டி வைத்தேன். உண்மைதான், அதைப் பேணுவதற்குத்தானே இருநூறு வருஷமாகத் தோட்டம் நடத்தினார்கள்.

முதலில் ஒப்புதல் வாங்க வேண்டும் என்றார்கள். அப்பாவிடமும் ஒரு வார்த்தை கேட்பது முறை என்று பேராசிரியை சொன்னார். பெண் படிவத்தைப் படித்துக் காட்டியது, அப்பா கவனமாகக் கேட்டுவிட்டு, "லைசன் புதுப்பிக்க கச்சேரி ஆபீசுக்குப் போகணுமே, இங்கேயே பண்ணிட்டீங்களா?" என்று கையை நீட்டினார்.

பிறகு அக்காவை உட்காரவைத்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். பெண் முன்னுரையை வாசித்தது.

"மறதிநோய்ப் பராமரிப்புப் பணிப்படையில் நீங்கள் எவ்வளவு காலமாக அங்கம் வகிக்கிறீர்கள்?"

அக்காவின் முகம் செத்துப்போயிற்று. வெற்றிலையை வாசலுக்கு வெளியே துப்பிவிட்டு என்னைப் பார்த்தார், அந்தப் பெண்ணைப் பார்த்தார், வாசலில் நின்ற வேனைப் பார்த்தார்.

"எந்தப் படையிலயும் நான் இல்லங்க. எங்க வீட்ல யாரும் எந்தப் படைக்கும் போகலங்க. டீச்சர், நீங்க சொல்லுங்க டீச்சர்."

"அந்தப் படை இல்லக்கா" என்றேன். "நீங்க அப்பாவப் பாத்துக்கிறீங்கள்ல, அந்த வேலையத்தான் கேக்குறாங்க."

"அத வேலைன்னு கேக்க வேண்டியதுதானே. படைன்னா?"

யுத்த காலத்தில் பஸ்ஸில் ஏறினால் தமிழில் வாயைத் திறக்கப் பயந்த ஜனங்கள் நாங்கள். எங்களிடம் வந்து படையில் இருக்கிறாயா என்று எழுதிக்கொண்டு கேட்கலாம் என்று எந்த மேசையில் உட்கார்ந்து தீர்மானித்தார்களோ. அந்தப் பெண் பாவம், சிவந்துபோனது. "நான் மொழிபெயர்க்கல மிஸ், இது ஏற்கனவே அப்ரூவ் பண்ணது. ஒரு சொல்லு மாத்த ஏலாது" என்றது.

அடுத்த கேள்வி வந்தது. "பராமரிப்புப் பணியின் விளைவாக உங்கள் சுய அடையாளம் மங்கிவிட்டதாக எந்தளவுக்கு உணர்கிறீர்கள்?"

"அடையாளமா? இருக்குதுங்களே" என்று அக்கா சேலைத் தலைப்பில் முடிந்திருந்த பையை அவிழ்த்து அடையாள அட்டையை எடுத்தார். "மங்கித்தான் போச்சு. போட்டோ இருக்கிறதே தெரியல. ஆனா நம்பரு தெரியும் பாருங்க. இது கெடைக்க எங்கப்பா அலைஞ்ச அலைச்சல் இருக்குதே, அப்ப எங்களுக்கு நாடே இல்லன்னாங்க…"

அக்கா குடியுரிமைக் கதையை ஆரம்பித்துவிட்டார். பெண் எப்போதும், அடிக்கடி, சில வேளைகளில், அரிதாக என்று நான்கைந்து பதில்களை வாசித்துக் காட்டி இடைமறித்தது. அக்கா யோசித்து, "மழையில நனஞ்சாத்தான் மங்கும்" என்றார்.

கடைசியில் பேராசிரியைக்கே பொறுமை போயிற்று. அவர் அக்காவிடம் நேரே சிங்களத்தில் கேட்டார். அக்கா சரளமாகச் சிங்களத்தில் பதில் சொன்னார்: "கஷ்டந்தான் நோனா. ஆனா கொழுந்து மலையில சூப்பவைசர் ஏசுறதவிட இவர் ஏசுறது பரவால்ல. இவருக்கு அடுத்த நிமிஷம் மறந்துடும்." பேராசிரியை சிரித்தார். தமிழ்த் தோட்டத்தில் தமிழ்ப் பெண்ணிடம் தமிழில் கேட்கவென்று செய்த மொழிபெயர்ப்பு மடியிலே கிடக்க, மிச்சக் கேள்விகள் எல்லாம் சிங்களத்தில் சுமுகமாக நடந்து முடிந்தன. நடுவில் அப்பா மூன்று பேரையும் பலாங்கொடையில் இறக்கிவிட்டார். வெள்ளைக்காரர் எழுந்து வாசல் வரை போய்விட்டு வந்து மறுபடி ஏற வேண்டியிருந்தது.

போகும்போது ஒரு செய்தி சொன்னார்கள். பார்த்துக்கொள்கிறவர்களின் மனச்சுமையை யாரும் கவனிப்பதில்லை. ஆகவே அவர்களுக்கென்று ஒரு செயலமர்வு, வருகிற மாதம் ஒரு சனிக்கிழமை, எங்கள் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக் காம்பராவில். பகல் சாப்பாடு உண்டு. சான்றிதழ் உண்டு. பராமரிப்பாளர்கள் மட்டும் வரவும்.

"நாங்க வந்துட்டா இவங்கள யாரு பாக்குறது?" என்று அக்கா கேட்டார்.

பேராசிரியை நல்ல கேள்வி என்றார். அதையும் எழுதிக்கொண்டார்.

சனிக்கிழமை வந்தது. பதில் வரவில்லை. ஆகவே எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம்: கூட்டிக்கொண்டு போனோம். அக்காவும் நானும் அப்பாவை நடுவில் விட்டு ஆளுக்கு ஒரு கையாகப் பிடித்து நடத்திப் போனோம். மேல் லயத்து மருமகள் ஒருத்தி தன் மாமனாரைக் கொண்டுவந்திருந்தாள். அவர் எந்த நேரமும் பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் பிரிக்கும் இடத்துக்கு, நேரமாகிவிட்டது என்று கிளம்புகிறவர். பத்தாம் நம்பர் மலைப் பக்கத்திலிருந்து ஒருவர் தன் தாயைத் தூக்கியே வந்தார். அந்த அம்மாவுக்கு ஓடிப்போன மகள் ஒருத்தி இருந்தாள். அன்றிலிருந்து எந்த இளம் பெண்ணைக் கண்டாலும் அவள்தான் இவள்.

பேராசிரியைக்குத் தர்மசங்கடம். நோயாளிகளுக்கு அனுமதி வாங்கவில்லையாம். கொஞ்சம் யோசித்துவிட்டு, மொழிபெயர்ப்புப் பெண்ணைக் கூப்பிட்டு, "இவங்களோட பக்கத்து அறையில இரும்மா. கொஞ்ச நேரம்தான். இண்டைக்கு இங்க சிங்களத்திலேயே சமாளிச்சிடலாம்" என்றார். பிள்ளைக் காம்பராவின் தொட்டில் அறை அது. மூன்று முதியவர்களும் அந்தப் பெண்ணும் உள்ளே போனார்கள். கதவைச் சாத்தினார்கள்.

மண்டபத்தில் திரை கட்டியிருந்தது. முதல் படத்தில் ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண்மணியும் மலர்ச்சாடியும். இளைப்பாறல் என்பதைப் பற்றிப் பேராசிரியை பேசினார். பராமரிப்பாளர் தினமும் தனக்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும், இயற்கையில் நடக்க வேண்டும் என்றார். இயற்கையில் நடந்து நடந்து முதுகெலும்பு தேய்ந்தவர்கள் எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். தொட்டில் அறையிலிருந்து சத்தம் வர ஆரம்பித்தது.

"எவன்டி அவன்? எவனோட போன? சொல்லு!"

"நான் உங்க மகள் இல்ல அம்மா…"

"அம்மான்னு கூப்பிட இப்பத்தான் வாய் வந்திச்சா?"

பேராசிரியை குரலை உயர்த்தி, மனஅழுத்தத்தின் ஆரம்ப அறிகுறிகளை விளக்கினார். தொட்டில் அறையில் பெரட்டுக்காரர் கதவைத் தட்டினார். அப்பா ஹோர்ன் அடித்தார், வாயால். பக்கத்தில் அக்கா, "போய் பாக்கவா டீச்சர்?" என்று கிசுகிசுத்தார். எழுந்தவரைப் பேராசிரியை கையமர்த்தினார். "நோ, நோ. இது உங்களுடைய நேரம்." அக்கா உட்கார்ந்தார். அவருடைய நேரம் இன்னும் கொஞ்சம் போயிற்று.

அதற்குள் சத்தம் அடங்கியது. பேராசிரியை திருப்தியாக அடுத்த படத்துக்குப் போனார். அறைக்குள் சூடு தாங்காமல் அந்தப் பெண் மூன்று பேரையும் பின்வாசலால் கூட்டிப்போய் ஏசி போட்டிருந்த வேனில் ஏற்றியிருந்தது எங்களுக்குத் தெரியாது. ஏசிக்காக எஞ்சினை ஓடவிட்டு, வேன் டிரைவர் சிகரெட் பிடிக்கச் சரிவுக்கு அப்பால் போயிருந்ததும் தெரியாது. நல்ல யோசனைதான். குளிர் காற்று, மெத்தை சீட். பெரட்டுக்காரர் கூட ஏறியவுடன் கண் அயர்ந்தாராம். ஒரே ஒரு குறை: முன் சீட் காலியாக இருந்தது. ஓடுகிற எஞ்சினும் காலியான ஸ்டியரிங்கும். அப்பா எப்படிச் சும்மா இருப்பார்?

ஜன்னலுக்கு வெளியே வேன் மெதுவாக நகர்ந்து போவதை முதலில் பார்த்தவள் நான். முன் சீட்டில் அப்பா. நெஞ்சை நிமிர்த்தி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு. பின்னால் அந்தப் பெண், ஒரு கை கிழவியின் பிடியில், மற்றக் கையால் ஜன்னலை அடித்துக்கொண்டு.

நான் கத்தினேன். எல்லோரும் ஓடினோம். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு பயந்தது கிடையாது. அந்தப் பாதையில் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் மரத்தின் தலைகள்தான் தெரியும். சிகரெட்டோடு டிரைவர் வேனுக்குப் பின்னால் ஓடினார். வேன் வளைவில் ஒதுங்கி, நிதானமாகத் திரும்பி, மறைந்தது. மேலே வந்த முச்சக்கர வண்டி ஒன்றை மறித்து, பேராசிரியை, அக்கா, நான் மூன்று பேரும் ஏறினோம். அக்கா மாதாவைக் கூப்பிட்டார், முருகனைக் கூப்பிட்டார். பேராசிரியை ஃபோனில் யாரிடமோ இன்ஷூரன்ஸ் பற்றிக் கேட்டார்.

வேன் ஃபெக்டரி முற்றத்தில், கொழுந்து நிறுக்கும் இடத்தில், கோடு போட்டது போல் நிறுத்தப்பட்டிருந்தது. அப்பா ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தார், இந்த முறை நிஜ ஹோர்ன். கீறல் இல்லை, இடி இல்லை. கொழுந்து நிறுக்கிற ஐயா பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு வெளியே வந்தார். அப்பாவைத் தெரிந்தவர். என்ன நடந்ததென்று நொடியில் புரிந்துகொண்டு, பதறாமல், கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். தூங்கி எழுந்த பெரட்டுக்காரர், விடாப்பிடியாகப் பெண்ணின் கையைப் பற்றியிருந்த கிழவி, கண் மை கன்னம் வரை வழிந்திருந்த அந்தப் பெண்.

"என்னங்க டைவரய்யா, கொழுந்து ரொம்ப முத்தலா இருக்கே. இது நமக்கு ஆகாதே" என்றார்.

"பறிச்சவங்கள கேளு" என்றார் அப்பா. "ஏத்துனத எறக்குறதுதான் என் வேல."

எல்லோரையும் இறக்கும் வரை அப்பா இறங்க மறுத்தார். இறக்கினோம். அக்கா ஓடிப்போய் அப்பாவின் முதுகில் ஓர் அடி போட்டுவிட்டு, அதே இடத்தைத் தடவிக்கொடுத்து அழுதார். நானும் அழுதேன் என்று நினைக்கிறேன். பேராசிரியை சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "யாரும் வீடியோ எடுக்கவில்லைதானே?" என்பது.

அந்தப் பெண் தரையில் உட்கார்ந்துவிட்டது. அக்கா பக்கத்தில் போய் அதன் முகத்தைச் சேலையால் துடைத்தார்.

"அவர் ஓட்டினது பயமா இல்லக்கா" என்றது விம்மலோடு. "நல்லாத்தான் ஓட்டினார். நான் கத்தக் கத்த, 'கத்தாத புள்ள, வளைவு வருது'ன்னு மட்டும் சொன்னார். இந்த அம்மாதான்… ஏன் போன, ஏன் போனன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. கடைசில நான், மன்னிச்சிருங்கம்மா, இனிமே போகமாட்டேன்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறந்தான் அழுகைய நிப்பாட்டினாங்க."

பிள்ளைக் காம்பராவுக்குத் திரும்பி, ஆறிப்போன சோற்றுப் பார்சலைச் சாப்பிட்டோம். சான்றிதழ்கள் வழங்கப்பட்டன. எனக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று, மருமகளுக்கு ஒன்று, தாயைத் தூக்கி வந்தவருக்கு ஒன்று. பயிற்சி பெற்ற மறதிநோய்ப் பராமரிப்பாளர் என்று மூன்று மொழிகளிலும் பொன் எழுத்தில். அன்று உண்மையிலேயே பயிற்சி பெற்ற ஒரே ஆள் அந்தப் பெண்தான். அதற்குச் சான்றிதழ் இல்லை. வேன் கிளம்பும் முன் அது முன் சீட்டில், சாவியைத் தன் கையில் வைத்துக்கொண்டு, டிரைவருக்காகக் காத்திருந்தது.

சில மாதங்களில் அறிக்கை வந்தது. எங்கள் அடையாளம் எதுவும் வெளியிடப்படாது என்று உறுதி தந்திருந்தார்கள்; தந்தபடியே அட்டையில் முகம் போடாமல் அக்காவின் கைகளை மட்டும் போட்டிருந்தார்கள், புறங்கையில் கணவர் பெயர் பச்சை குத்தியிருந்த கைகளை. தோட்டமே பார்த்து அக்காவை விசாரித்தது. உள்ளே, எங்கள் பிரதேசத்தில் பயிற்சி பெற்ற பராமரிப்பாளர்களுக்குப் பாரிய தட்டுப்பாடு நிலவுகிறது என்றும், மேலும் ஆய்வு அவசியம் என்றும் எழுதியிருந்தது. வேன் போன கதை, "செயலமர்வு சிறிது நேரம் தடைப்பட்டது" என்று ஒரு வரியில் இருந்தது.

தட்டுப்பாடு என்ற சொல்லைக் கொழும்பில் சரியான ஆட்கள் வாசித்திருக்க வேண்டும். அக்காவின் மகள் சான்றிதழைப் படம் பிடித்து எங்கோ அனுப்பினாள். ஒரு வாரத்தில் அக்காவுக்கு வேலை வந்தது. கொழும்பில் பெரிய வீடு, படுக்கையில் ஒரு வயதான நோனா, அக்காவுக்குத் தனி அறை, நீல நிறச் சீருடை. சொல்ல வந்தபோது அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். இங்க நான் செஞ்சா ஒத்தாசன்னு சொல்றாங்க. அங்க செஞ்சா ஸ்டாஃப்புன்னு சொல்றாங்க."

கோபம் வந்தது. ஆனால் எந்த இடத்தில் வைத்துக் கோபப்படுவது? போய்வாருங்கள் என்றேன். அக்கா அப்பாவிடமும் சொல்லிக்கொண்டார். "எங்க எறங்கணும்?" என்று அப்பா கேட்டார். "கொழும்புலங்க" என்றார் அக்கா. "அவ்வளவு தூரம் இந்த லொறி போகாது. பலாங்கொடயில எறங்கி பஸ் பிடிச்சுக்க" என்றார் அப்பா. அக்கா அப்படியேதான் போனார்.

கனடா அண்ணன் வீடியோவில், "ட்ரெயின் பண்ணின ஆள் ஒண்ணு பாரேன்" என்றார். தட்டுப்பாடாம் என்றேன். நான் சம்பளமில்லாத லீவு எழுதிக் கொடுத்தேன். அதிபர் இரக்கத்தோடு கையெழுத்துப் போட்டார். என் வகுப்பைப் பக்கத்து வகுப்போடு சேர்த்தார்கள். அப்பா முதல் கிழமை அக்காவைத் தேடினார். பொலிஸ் நிற்கிறது என்று நான் சொன்னால் நம்பவில்லை. என் குரலில் பொலிஸ் பயம் போதவில்லை போல. பொய் சொல்லப் பாடசாலையில் எனக்குக் கற்பிக்கவில்லை. மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டேன். திருப்பித் திட்டவும் கற்றுக்கொண்டேன். ஒரு நாள் சீரியலும் பார்த்தேன். மோசமில்லை.

போன மாதம் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. வேறொரு குழு. குரல் மிகக் கனிவானது. பெருந்தோட்டப் பகுதிகளிலிருந்து மறதிநோய்ப் பராமரிப்புப் பணிப்படை ஏன் வெளியேறுகிறது என்று ஆராய்கிறார்களாம். முந்தைய ஆய்வின் தொடர்ச்சியாம். என்னைச் சந்திக்க முடியுமா என்று கேட்டது.

எனக்கு இடப்பக்கக் கடைவாய்ப் பல் ஒன்று பல நாளாகக் குடைந்துகொண்டிருந்தது. பலாங்கொடைக்குப் போய்ப் பிடுங்கிக்கொண்டு வர அரை நாள் வேண்டும். அந்த அரை நாள்தான் கிடைக்கவில்லை.

"வாங்க" என்றேன். "ஆனா ஒரு உதவி. உங்கள்ல ஒராள் அப்பாவோட கொஞ்ச நேரம் இருந்தா, நான் டவுனுக்குப் போய் பல்ல காட்டிட்டு ஓடி வந்துருவேன். வந்து எத்தன கேள்வி வேணும்னாலும் பதில் சொல்றேன்."

பிறகு அந்தக் கனிவான குரல், ஆய்வாளர்கள் பராமரிப்பில் தலையிடுவதை ஆய்வு நெறிமுறை அனுமதிப்பதில்லை, முன்பு ஒரு கசப்பான அனுபவம் நடந்திருக்கிறது என்று வருத்தத்தோடு தெரிவித்தது.

சொன்ன நாளில் நால்வர் வந்தார்கள். எங்கள் பெஞ்சு நிறைந்தது. ஒரு பெட்டி பிஸ்கட் கொண்டுவந்திருந்தார்கள். இந்தப் பணியில் ஈடுபட உங்களைத் தூண்டிய காரணி எது என்று கேட்டார்கள். நான் பிஸ்கட்டை வலப்பக்கமாகக் கடித்துக்கொண்டு, வெகுநேரம், விளக்கமாகப் பதில் சொன்னேன்.